பிடிமானம்: உடன்குடியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை

உடன்குடி

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. தாமிரபரணி பாயும் வயல்களின் கருமை போய்ச் செம்மணல் தொடங்குகிறது. தேரி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இந்த மணற்காட்டில் காற்றடிக்கிற பக்கம் மேடுகள் நகரும். நகராமல் நிற்பது பனை. சென்னைக்காரர்களுக்கு மரம் என்றால் நிழல். இங்கே மரம் என்றால் குடும்பத்தின் வரவு: பதநீர், கருப்பட்டி, நுங்கு, கிழங்கு, ஓலை, நார், காலம் முடிந்தால் கூரைக்குக் கைமரம். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கொடுக்கும் சுக்குக் காப்பியில் காரம் தொண்டை வரை இறங்கும். பெருநகர ஓட்டல்களில் கருப்பட்டிக் காப்பி என்ற பெயரில் வருவதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

கருப்பட்டிக்காக வருகிறவர்கள் பனையேறியின் அரிவாளைப் பார்ப்பார்கள், அதன் கூர்மையை வியப்பார்கள். அரிவாள் பாளையைத் தொடுவதற்கு முன்பே வேறு இரண்டு சாமான்கள் தம் வேலையை முடித்திருக்கும். ஒன்று தளைநார். இரு பாதங்களையும் மரத்தோடு இறுக்கி அது உடலைத் தாங்குவதால்தான் கை விடுபட்டு அரிவாளைப் பிடிக்கிறது. இன்னொன்று கடிப்பு, இடுக்கி என்றும் சொல்வதுண்டு. சேர்த்துக் கட்டிய இரண்டு மரத்துண்டுகள்தான். பாளையை நடுவில் வைத்துப் பல நாள் அளவாக நெரித்து இளக்கினால்தான் பிறகு சீவும்போது பதநீர் சுரக்கும். அழுத்தம் கூடினால் பாளை நைந்து கெடும், குறைந்தால் சொட்டாது. எங்கே அழுத்துவது, எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்ற மூன்று கேள்விகளையும் இந்தக் கடற்கரை பல தலைமுறைக்கு முன்பே கேட்டு விடை கண்டிருக்கிறது.

அதே மூன்று கேள்விகளை இன்று இந்தப் பக்கத்துச் சாலையோர மரப்பட்டறைகளில் யாரும் கேட்பதில்லை. உடன்குடியிலிருந்து மலையடிவாரம் வரை போகும் வழியெங்கும் மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் என்று பலகைகள் தொங்குகின்றன. உள்ளே பிளைவுட் அறுக்கும் ஸ்லைடிங் டேபிள் சா நிற்கிறது. பேனல் சா என்றும், சில இடங்களில் வெறுமனே கட்டிங் மெஷின் என்றும் அதற்குப் பெயர். பலகையை ஏற்றி வைக்க அலுமினிய மேஜை, மேஜை பிளேடை ஒட்டி வழுக்கிப் போகத் தண்டவாளம், நேராக நிறுத்த ஃபென்ஸ், எல்லாம் இருக்கும். மேஜையின் ஓரப்பள்ளத்தில் மாட்டிப் பலகையை மேலிருந்து அழுத்த வேண்டிய கிளாம்ப் மட்டும் சுவரோரமாகக் கிடக்கும், அல்லது டெலிவரியான பெட்டியிலேயே தூங்கும். பிளேடுக்குத் தரும் மதிப்பைக் கிளாம்புக்குத் தராத பட்டறை, முழு விலை கொடுத்துப் பாதி மெஷினை வாங்கியிருக்கிறது என்பதே இந்தப் பயணம் முழுக்க நான் சொல்ல வருவது.

பனைமரத்திலிருந்தே தொடங்கலாம். பனையின் வெளிவட்டம் இரும்பு மாதிரி வைரம் பாய்ந்தது. உள்ளே போகப் போகச் சோறு. கருத்த நார்கள் நெருக்கமாக இருக்கும் இடமும் பஞ்சுபோன்ற இடமும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து வரும். அதனால் பழைய தச்சர்கள் பனையைக் கோடாலியாலும் ஆப்பாலும் பிளந்து கைமரமாக்கினார்கள். கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த பின்பு, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் கைமரங்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. அவற்றை மேஜையாகவும் ஊஞ்சல் பலகையாகவும் மாற்ற நினைக்கிறவர்கள் மெஷினில்தான் கொடுக்கிறார்கள். பிளேடு ஒரு கணம் இரும்பையும் மறுகணம் பஞ்சையும் சந்தித்தால் கட்டை துள்ளும். கையால் அழுத்திப் பிடித்தவருக்கு அந்தத் துள்ளல் வரப்போவது முன்கூட்டித் தெரியாது. மேலிருந்து இறுகப் பிடித்த கிளாம்புக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை.

குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர்

தசராவுக்கு வேடம் கட்டிய பக்தர்கள் லட்சக்கணக்கில் கூடும் குலசேகரன்பட்டினம் மற்ற மாதங்களில் அமைதியான கடற்கரை. ஒரு காலத்தில் இங்கே சர்க்கரை ஆலை இருந்தது. திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை குட்டி ரயில் ஓடியது. பனையின் இனிப்பை ஆலைக்குக் கொண்டுவரப் போட்ட தண்டவாளம் 1940-ஓடு நின்றுபோனது. இப்போது அதே கடற்கரையில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெரிய தொழில்நுட்பம் வருவதும் போவதும் இந்த மணலுக்குப் புதிதில்லை. திருச்செந்தூரில் முருகனைப் பார்த்துவிட்டு, காயல்பட்டினம், ஆறுமுகநேரி, உப்பளங்கள் வழியாக வடக்கே போனால் முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி குறுக்கிடுகிறது. பொதிகையில் பிறந்து, வேறு எந்த மாநிலத்தையும் தொடாமல், ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு சேரும் ஆறு.

தூத்துக்குடி

தூத்துக்குடியில் மக்ரூனைத் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். இந்த ஊரின் மரத்தொடர்பு அவர்கள் கண்ணில் படுவதில்லை. பாய்மரத் தோணிகள் கட்டிய ஊர் இது. நீளப் பலகையை வளைத்து வங்கு என்னும் விலாச் சட்டத்தோடு பொருத்தும்வரை அது நிமிரத்தான் பார்க்கும். கயிறும் ஆப்பும் இறுக்கியும் இல்லாமல் ஒரு பலகைகூடத் தோணியில் ஏறாது. துறைமுகம் வழியாக வெளிநாட்டு மரத்தடிகள் வந்திறங்குகின்றன. இதையெல்லாம் கணக்கில் கொண்டுதான் தமிழக அரசு சர்வதேச அறைகலன் பூங்காவைத் தூத்துக்குடியில் வைத்தது. 2022 மார்ச் 7 அன்று முதலமைச்சர் அடிக்கல் நாட்டிய அந்தப் பூங்காவுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒதுக்கினார்கள். நாளை இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அறுவை மெஷின் முன்னால் நிற்கப்போகிறார்கள் என்பது இதன் பொருள். அவர்கள் எந்தப் பழக்கத்தோடு அங்கே போய் நிற்பார்கள் என்பதே நம் கவலை.

இந்த மெஷினுக்கு வயது நூற்றிருபது. 1906-இல் பெர்லினில் வில்ஹெல்ம் அல்டென்டார்ஃப் என்ற ஜெர்மானியத் தச்சர் வடிவமைத்தது. அதற்கு முன்பு வட்ட ரம்ப மேஜையில் மரத்தைக் கையால் தள்ளினார்கள். மரத்தைத் தள்ளுவதற்குப் பதில், மரம் கிடக்கும் மேஜையையே தள்ளலாம் என்பது அவருடைய யோசனை. அந்த யோசனைக்குள்ளேயே கிளாம்பும் ஒளிந்திருக்கிறது. மேஜையும் பலகையும் ஒன்றாக நகர்ந்தால்தான் வெட்டு நேராக வரும். மேஜை ஓடிப் பலகை ஒரு மயிரிழை பின்தங்கினாலும் கோடு கோணும். மேஜையோடு பலகையைப் பூட்டாமல் அறுப்பது, அந்த மெஷினைப் பழையபடி மரத்தைக் கையால் தள்ளும் மேஜை ஆக்குவதுதான். காசு கொடுத்து 1906-க்கு முன்னால் போகிறோம்.

இங்கே முதல் மறுப்பு வரும். 'கைப்பழக்கம் இருக்கே அண்ணாச்சி, இருபது வருசமா அறுக்கோம், இது என்ன பெரிய கம்ப சூத்திரமா?' கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எண்களைப் பார்த்துவிட்டுப் பேசலாம். 300 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதன் பற்கள் மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் போகின்றன. மனிதருக்கு ஆபத்து தெரிந்து கை விலக ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் பிளேடு பதின்மூன்று சுற்று முடித்துவிடும். 72 பல் வைத்த பிளேடாக இருந்தால் 950 பல்லுக்கு மேல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். இருபது வருசப் பழக்கம் இந்தக் கணக்கில் ஒரு பல்லைக்கூடக் குறைக்காது. அமெரிக்காவில் டேபிள் சாவில் காயப்படுகிறவர்கள் ஆண்டுக்கு முப்பதாயிரம் பேர் அளவில் இருப்பதாக அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. அங்கே மெஷினுக்குக் கவசமும் கையேடும் உண்டு. அப்படியிருந்தும் இந்தக் கணக்கு.

இரண்டாம் மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது: 'எட்டுக்கு நாலு ஷீட்டு தன் கனத்துலேயே கிடக்கும், அதுக்கு எதுக்குக் கிளாம்பு?' 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழு ஷீட் ஏறத்தாழ 32 கிலோ. அலுமினிய மேஜை மேல் அது தன் கனத்தால் மட்டுமே பத்துக் கிலோ அளவு இழுப்பைத் தாங்கும். சரி, முதல் வெட்டுக்கு அது போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஷீட் அலமாரியாகும் வரை எத்தனை வெட்டு என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் கையில் மிஞ்சுவது இரண்டடி நீளம் நான்கு அங்குல அகலச் சட்டம். அதன் எடை முக்கால் கிலோகூட இல்லை. தன் கனத்தால் அது தாங்கும் இழுப்பு இருநூறு கிராம். பிளேடின் முன்பற்கள் மேஜையை நோக்கி இறங்குகின்றன, பின்பற்கள் மேலே ஏறுகின்றன. துண்டு கொஞ்சம் திரும்பிப் பின்பற்களில் உரசினால் அது பலகையைத் தூக்கி, நிற்கிறவர் பக்கமாக வீசும். அந்த வேகத்துக்கு எதிரில் இருநூறு கிராம் எம்மட்டு? அதே சட்டத்தின் மேல் கிளாம்ப் நூறு கிலோ அழுத்தம் கொடுத்தால் தாங்கும் இழுப்பு முப்பது கிலோவாகிறது. துண்டு சிறுக்கச் சிறுக்க ஆபத்து கூடுகிறது, கையும் பிளேடுக்கு நெருங்கி வருகிறது. முழு ஷீட்டில் பெற்ற தைரியத்தைத் துண்டிலும் காட்டுவதுதான் விரலைக் கேட்கிறது.

ஸ்ரீவைகுண்டம்

மேற்கே திரும்பியதும் பச்சை தொடங்கிவிடுகிறது. வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டத்தில். அதற்குக் கீழே ஆறு மெலிந்து போகிறது, மேலே ஊர்கள் நெருங்கி வருகின்றன. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், கிருஷ்ணாபுரம் என்று கோயில்களாகவே வழி போகும். கல்லைப் பார்க்க வருகிற கூட்டம் தேரையும் வாகனங்களையும் கதவையும் செய்த தச்சர்களை மறந்துவிடுகிறது.

நம் தச்சர் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர். மேற்கத்தியத் தச்சர் நின்றபடி, மேஜையில் வைஸ் பூட்டி வேலை செய்தார். 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சுநூல் எழுதிய ரூபோ, பலகையைத் துளையில் செருகிய வளைந்த இரும்பால் அழுத்திப் பிடிக்கும் முறையைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். நம்மவருக்குக் கால்தான் வைஸ். குதிகாலால் கட்டையை மிதித்து, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே சட்டத்தைக் கவ்வி, உளியையும் ரம்பத்தையும் ஓட்டினார். இதைப் பிற்போக்கு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கை ரம்பம் ஒவ்வோர் இழுப்புக்கும் நிற்கிறது. மரம் அசைந்தால் கால் உணர்கிறது, கை நிறுத்துகிறது. உடலே கிளாம்பாக இருந்த அந்த ஏற்பாட்டில் குறை ஏதும் இல்லை, கருவியின் வேகம் உடலின் வேகமாக இருந்த வரையில். மின்சாரம் வந்தபோது ரம்பத்தின் வேகம் மாறியது, பிடிக்கிற முறை மாறவில்லை. காலின் வேலை கைக்கு வந்தது, அவ்வளவுதான். இன்று மெஷின் முன்னால் இடது உள்ளங்கையால் பலகையை அழுத்திக்கொண்டு நிற்கும் இளைஞன் கவனக்குறைவானவன் என்று சொல்லிவிடுவது எளிது. அவன் தாத்தாவிடமிருந்து வந்த சரியான பாடத்தைத் தவறான இடத்தில் நடத்திக்கொண்டிருக்கிறான்.

திருநெல்வேலி

நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையில் மரம் செய்திருக்கும் வேலையைப் பார்த்தால், இந்த ஊரில் மரவேலையின் தரத்தைப் பற்றிப் பிறர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை என்று தோன்றும். கூட்டு, பொளி, முளை எல்லாமே ஒன்றை ஒன்று கவ்வி நிற்கும் சாமர்த்தியம். ஊரைச் சுற்றி உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், விசேஷ வீடுகளில் சொதியும், மாலையில் அல்வாவுக்கு வரிசையும். அல்வாவைப் பற்றி எழுதாத திருநெல்வேலிக் கட்டுரையை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இந்த ஒரு வரி.

நகரைச் சுற்றிய பட்டறைகளில் எழும் மறுப்பு பணம் பற்றியது, அதுவே கனமானதும்கூட. 'ஒவ்வொரு வெட்டுக்கும் மாட்டி, இறுக்கி, அவுத்துக்கிட்டிருந்தா வேல ஓடாது. சதுர அடிக் கூலி யாரு குடுப்பா?' கூலி சதுர அடிக்கு என்று பேசிய பின்பு ஒவ்வொரு விநாடியும் தொழிலாளியின் பையிலிருந்து போகிறது. அவர் கிளாம்பைக் கழற்றி வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் மட்டமான கிளாம்புக்கு எதிரானது. திருகித் திருகி இறக்கும் ஸ்க்ரூ வைத்ததைத்தான் பெரும்பாலும் மெஷினோடு இலவசமாகத் தருகிறார்கள். பத்துத் திருகு இறக்க, பத்துத் திருகு ஏற்ற. நல்ல கிளாம்பில் தண்டு கையோடு சறுக்கிப் பலகை மேல் இறங்கும். நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டினால் மையம் விலகிய வட்டு உருண்டு பலகையை அமுக்கிப் பூட்டிக்கொள்ளும். காற்றழுத்தத்தில் இயங்குவது என்றால் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு கையால், ஒரு விநாடியில் முடிகிற காரியம். நேரம் போகிறது என்ற புகாருக்கு மருந்து நல்ல கிளாம்ப். கிளாம்பே வேண்டாம் என்பது மருந்தாகாது.

சட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஓடும் இயந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. ஆனால் மின்சாரம் வைத்து வேலை நடக்கும் இடத்தில் பத்துப்பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. நம் பட்டறைகளில் முதலாளியும் மைத்துனரும் இரண்டு பையன்களும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இல்லை. விபத்துக்குப் பிறகு மட்டும் வேறொரு சட்டம் கண் திறந்தது. 1923-இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை விரலுக்கு விகிதம் போட்டு வைத்திருந்தது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7. தச்சருக்குச் சுட்டுவிரல் என்பது நூற்றில் பதினான்கா? உளி பிடிக்கிற, கோடு போடுகிற, ஆணியை நிறுத்துகிற விரல் அது. அந்த அட்டவணையை எழுதியவர்கள் ஒரு தச்சரைக் கேட்டிருந்தால் எண் வேறாக இருந்திருக்கும்.

பத்தமடை

சேரன்மகாதேவிக்குப் போகும் வழியில் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, சாயம் ஏற்றி நெய்யும் பாய். பட்டுப்பாய் என்று சொல்லும் மெல்லிய ரகத்தைத் துணிபோல் மடிக்கலாம். நெசவு பெரும்பாலும் பெண்கள் கையில். தறி என்று பெரிதாக ஒன்றும் தெரியாது: தரையில் முளை அடித்து, மூங்கில் கட்டி, நூல் பாவை இழுத்து இறுக்கியிருப்பார்கள். பாவின் இறுக்கம் ஓரிடத்தில் தளர்ந்தாலும் கோரை அந்த இடத்தில் வளையும், பாய் விளிம்பு நெளியும். அதனால் கோரையை எடுப்பதற்கு முன் முளையையும் கட்டையும் சோதிப்பது இவர்களுக்கு இயல்பு.

இங்கே கிளாம்பின் தரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தம், ஏனெனில் மறுப்புகளில் தொழில்நுட்பக் கூர்மை உள்ளது இந்த ஒன்றுதான்: கிளாம்ப் இறுக்கும்போதே பலகையை நகர்த்திவிடுகிறது, மைக்காவில் தழும்பு போடுகிறது. உண்மை. மட்டமான கிளாம்ப் அதைத்தான் செய்யும். அதன் கை மெலிந்த வார்ப்பு. அழுத்தும்போது நுனி மேல்நோக்கி வளைகிறது, வளைந்த கை பலகையை நேராக அமுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. தண்டுக்கும் கைக்கும் நடுவில் ஆட்டம் இருந்தால் தள்ளல் இன்னும் கூடும். அலமாரிக் கதவுகளுக்கு நடுவே விடும் இடைவெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் பிசகினால் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியும். அடியில் பள்ளத்துக்குள் உட்காரும் நட்டு மென்மையான இரும்பாக இருந்தால் ஆறே மாதத்தில் தேய்ந்து வழுக்கும். அழுத்தும் பாதம் கெட்டியான பிளாஸ்டிக்காக இருந்தால் மைக்காவில் வட்டம் விழும். நல்ல கிளாம்பின் தண்டு தடித்த எஃகு. கையின் நீளத்துக்கேற்ற கனம். பாதம் திரும்பிக் கொடுத்துப் பலகையோடு படிந்து உட்காரும், அடியில் ரப்பர் இருக்கும். அழுத்தம் செங்குத்தாக இறங்குவதால் பலகை அசையாது.

இதற்கு மறைமுகமான லாபமும் உண்டு. மைக்கா ஒட்டிய பலகையை அறுக்கும்போது விளிம்பில் எழும் பிசிறுக்குப் பிளேடின் மொண்ணையை மட்டும் குறைசொல்வது வழக்கம். பிளேடைச் சாணை பிடிக்க அனுப்புவார்கள், அல்லது புதிது வாங்குவார்கள். கொஞ்சம் வளைந்த ஷீட் மேஜையில் முழுதாகப் படியாமல் துடித்துக்கொண்டிருந்தால் புதுப் பிளேடும் பிசிறைத்தான் தரும். அடியிலிருந்து முதல் கோடு கிழிக்கும் சிறு பிளேடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழமே போகிறது; பலகை அதற்கு மேல் எழும்பியிருந்தால் அந்தச் சிறு பிளேடு காற்றைத்தான் கீறும். அமுக்கிப் பிடித்த பலகையில் இந்தத் தொல்லை குறையும். நல்ல ரக மைக்கா ஷீட் இரண்டு மூன்று வீணானால் நல்ல கிளாம்பின் விலை அங்கேயே போய்விட்டது. இந்தக் கணக்கை முதலாளிகள் போடாததற்குக் காரணம், வீணான ஷீட் செலவுக் கணக்கில் 'வேஸ்டேஜ்' என்று ஒதுங்கிவிடுகிறது. கிளாம்ப் மட்டும் பில்லோடு வந்து நிற்கிறது.

அம்பாசமுத்திரம்

பத்தமடையைத் தாண்டினால் மலை நெருங்கி வந்துவிடுகிறது. வீரவநல்லூர், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி, ஆற்றைக் கடந்தால் அம்பாசமுத்திரம். உடன்குடியின் வெக்கைக்குப் பிறகு இந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. மரச் செப்புச் சாமான் கடைகளில் அடுப்பு, குடம், அம்மி, உரல், திருகை என்று ஒரு முழுச் சமையலறை உள்ளங்கை அளவில் அடுக்கியிருக்கும். மஞ்சக்கடம்பு மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு வண்ணத்தை வைத்து அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். முன்பு கயிற்றை ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க மற்றவர் கடைந்தார், இப்போது மோட்டார்.

பேனல் சாவில் நடக்காத ஒன்று இந்தக் கடைசல் பட்டறையில் தானாகவே நடந்துவிட்டது. மோட்டார் வந்த பிறகும் இங்கே யாரும் மரத்தைக் கையால் பிடித்துக் கடைய முயலவில்லை. முடியாது என்பதுதான் காரணம். கடைசலில் சுழல்வது மரம்; அதைத் தலைப்பில் அடித்து இறுக்காமல் வேலையைத் தொடங்கவே வழியில்லை. பிடிமானம் இல்லாவிட்டால் மெஷின் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பேனல் சா அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. கிளாம்ப் இல்லாமலும் அது நூறு தடவை நல்ல பிள்ளையாக அறுத்துத் தரும். நூற்றியொன்றாவது தடவை எப்போது வரும் என்று சொல்வதில்லை. இந்த வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால், தச்சர்களுக்கு அறிவுரை சொல்வதைவிட, கிளாம்ப் மாட்டும் வசதியை மெஷினின் நிரந்தர உறுப்பாக ஆக்குவதே பயன் தரும் என்று படுகிறது. கழற்றிச் சுவரோரம் போட முடியாதபடி, மேஜையோடு வழுக்கிப் போகும் காற்றழுத்தக் கம்பியாகவே அது வந்துவிட்டால் பாதித் தகராறு தீரும்.

கடைசி மறுப்பு நவீனமானது: உணரிகள் வந்துவிட்டன, இனிக் கிளாம்ப் எதற்கு? 1999-இல் ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர், தோல் பட்டதும் மின்மாற்றத்தை உணர்ந்து ஐந்து மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். சாஸ்டாப் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அல்டென்டார்ஃப் நிறுவனமே இப்போது கேமராவால் கையைக் கண்காணித்து, கை நெருங்கினால் பிளேடைக் கீழே இறக்கும் மெஷினைச் செய்கிறது. அவை விரலைக் காப்பாற்றும் நல்ல கருவிகள், சந்தேகமில்லை. ஆனால் அவை கவனிப்பது கையை. நழுவித் திரும்பி வயிற்றை நோக்கிப் பறக்கும் பலகை அவற்றின் கணக்கில் இல்லை. கோணிய வெட்டையும் பிசிறையும் அவை தடுக்கப்போவதில்லை. நம் சாலையோரப் பட்டறைகளுக்கு அந்த மெஷின்களின் விலை எட்டும் காலம் இன்னும் தொலைவில் இருக்கிறது. கிளாம்பின் விலை இன்றே எட்டுகிறது. பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய பிளவுத் தகட்டையும் கழற்றாமல் வைத்து, பலகையையும் பூட்டினால், கை பிளேடின் பக்கம் போக வேண்டிய வேலையே பெரும்பாலும் இராது.

ஆகவே மெஷின் வாங்கப் போகும் பட்டறைக்காரர்களிடமும், தூத்துக்குடிப் பூங்காவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஐடிஐ ஆசிரியர்களிடமும் ஒரு கோரிக்கை. ஷோரூமில் பிளேடைச் சுழற்றிக் காட்டும்போது மயங்க வேண்டாம். மோட்டாரை அணைக்கச் சொல்லுங்கள். ஓர் அடி நீளத் துண்டை மேஜையில் வைத்து, ஃபென்ஸோடு ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, கிளாம்பை ஒரு கையால் இறக்கிப் பூட்டுங்கள். கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கொட்டாப்புளியால் துண்டின் பக்கவாட்டில் நாலு தட்டுத் தட்டுங்கள். அசைந்தால் வேறு கிளாம்ப் கேளுங்கள். இல்லை என்றால் முன்பணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.